பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் 1 வகுப்புக்கும் நடுவே ஒரு கோடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்ததும் மாணவர்களுக்குக் கிடைக்கும் ஏறக்குறைய ஒன்றரை மாத விடுமுறையைப் பற்றி, அரசு மேல்நிலைப் பள்ளிகளில் பிளஸ் 1, பிளஸ் 2 வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், தங்கள் நாளிதழ் வழியாகப் பெற்றோரிடமும் கல்வித்துறையிடமும் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். ஒவ்வோர் ஏப்ரல் மாதமும் தெருவில் என்னைக் காணும் பெற்றோர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "டீச்சர், பிள்ளையை இப்பவே பிளஸ் 1 டியூஷனில் சேர்த்துவிடலாமா, கொஞ்ச நாள் சும்மா இருக்கட்டுமா?" இரண்டுமே வேண்டாம் என்பதே என் பதில். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைத் தெருவில் நின்றபடி விளக்க முடிவதில்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பணியில் இருந்த காலம் முழுவதும் ஜூலை மாதத்து முதல் அலகுத் தேர்வு எனக்கு வேதனை தந்த நிகழ்வாகவே இருந்தது. பத்தாம் வகுப்பில் ஊரே மெச்சும்படி மதிப்பெண் வாங்கி, முதல் குரூப் கேட்டு வந்து சேர்ந்த பிள்ளைகள், அந்தத் தாளைக் கையில் வாங்கியதும் முகம் வாடி உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களில் ஒரு மாணவியை நான் மறக்கவே இல்லை. தரையிலிருந்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செங்குத்தாக மேலே எறியப்பட்ட பந்து எப்போது 15 மீட்டர் உயரத்தில் இருக்கும் என்பது கேள்வி. புவிஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்துக்கொண்டால் t² − 4t + 3 = 0 என்ற இருபடிச் சமன்பாடு கிடைக்கும்; அதற்கு 1 வினாடி, 3 வினாடி என இரு விடைகள் வரும். அந்தப் பெண் இரண்டையும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, ஒரு கேள்விக்கு இரண்டு விடை இருக்க முடியாது என்று அஞ்சி, இரண்டாவதை அடித்துவிட்டிருந்தாள். பந்து மேலே போகும்போது ஒரு முறையும் இறங்கி வரும்போது ஒரு முறையும் அதே உயரத்தைக் கடக்கிறது என்று நான் கையை உயர்த்தித் தாழ்த்திக் காட்டியபோது, "இந்தச் சமன்பாட்டைப் போன வருஷம் நூறு தடவை போட்டிருப்பேன், அது ஒரு பந்தைப் பற்றிச் சொல்லும் என்று எனக்குத் தெரியாது, டீச்சர்" என்று அழுதுவிட்டாள். அவள் படிக்காத பெண் அல்ல. படித்ததை வேறோர் இடத்தில் எடுத்துப் பயன்படுத்த அவளுக்கு யாரும் பழக்கித் தந்திருக்கவில்லை.

பிளஸ் 1 வகுப்பின் கடினம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் ஒரு நேர்கோட்டின் சாய்வைக் காணப் பிள்ளைகள் கற்கிறார்கள்; பிளஸ் 1 இயக்கவியலில் இடப்பெயர்ச்சி–நேர வரைபடத்தின் சாய்வுதான் திசைவேகம் என்று சொன்னால் புதிதாக ஏதோ கேட்டதுபோல் விழிக்கிறார்கள். முக்கோணவியலில் கோபுரத்தின் உயரத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு, சாய்வாக எறியப்பட்ட பொருளின் திசைவேகத்தை u cos θ, u sin θ என்று இரு கூறுகளாகப் பிரிப்பதும் அதே செங்கோண முக்கோணம்தான் என்பது தெரிவதில்லை. 'இயக்க விதிகள்' என்ற தலைப்பு பத்தாம் வகுப்பு அறிவியலிலும் இருக்கிறது, பிளஸ் 1 இயற்பியலிலும் இருக்கிறது. பெயர் ஒன்றுதான் என்றாலும் பின்னதில் விசைகளை வெக்டர்களாக, அதாவது அளவோடு திசையும் உள்ளவையாக, படம் வரைந்து பிரிக்கத் தெரியாவிட்டால் ஒரு கணக்கும் நகராது.

இத்துடன் பாடநூல்களின் வரிசையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 2018-19 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தின் நூல்கள் நல்ல நூல்கள். அவற்றின் ஆழத்தை நான் வரவேற்றவள். ஆனால் இயற்பியல் முதல் தொகுதியின் இரண்டாம் அலகே வெக்டர்களையும், மாறும் வீதத்தைக் காணும் வகையிடலையும், சிறு சிறு பகுதிகளைக் கூட்டி மொத்தம் காணும் தொகையிடலையும் கேட்கிறது. கணிதத்திலோ வெக்டர் இயற்கணிதமும், வகையிடலும் தொகையிடலும் அடங்கிய நுண்கணிதமும் இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. எனவே ஆண்டின் தொடக்கத்தில் எனக்குத் தேவைப்படும் கருவி, கணித ஆசிரியரின் கைக்கு வரவே மாதங்கள் ஆகும். இயற்பியல் நூலே அவற்றைச் சில பக்கங்களில் அறிமுகம் செய்கிறது என்பது உண்மைதான். ஆயினும் அந்தச் சில பக்கங்களை மூன்று நான்கு வகுப்பு வேளைகளில் கடக்கும் பிள்ளைக்கு அவை மனத்தில் நிற்பதில்லை. கணிதமே எடுக்காமல் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் படிக்கும் மாணவர்களின் நிலை இன்னும் கடினம். அவர்களுக்கு வகையிடலைச் சொல்லித் தரவோ, செய்முறைக் கணக்கீட்டுக்கு வேண்டிய, பெருக்கலைக் கூட்டலாக மாற்றித் தரும் மடக்கை அட்டவணையைப் பார்க்கக் கற்றுத் தரவோ தனி ஆசிரியர் கிடையாது. ஆய்வகத்தில் கணக்கிடும் கருவி இல்லாமல் மடக்கை அட்டவணையோடு தடுமாறும் பிள்ளைகளின் அருகில் நின்று, சோதனையைக் கற்பிக்க வேண்டிய நேரத்தில் பெருக்கலைக் கற்பித்த நாள்கள் எனக்கு உண்டு.

ஆகவே கோடையில் செய்ய வேண்டியது பிளஸ் 1 பாடங்களை முன்கூட்டியே ஓட்டுவது அன்று. ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் புத்தகங்களைத் தேர்வு முடிந்த மறுவாரமே பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் வைத்திருந்து, நாளுக்கு ஒரு மணி நேரம், அதிகம் போனால் ஒன்றரை மணி நேரம், அவற்றில் குறிப்பிட்ட சில பகுதிகளை நிதானமாகத் திரும்பப் பார்த்தால் போதும். ஒன்பதாம் வகுப்பு அறிவியலின் அளவீடு, இயக்கம் ஆகிய இரு பாடங்கள். பத்தாம் வகுப்புக் கணிதத்தின் உறவுகளும் சார்புகளும், இயற்கணிதம், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல். அறிவியலில் அணுக்களும் மூலக்கூறுகளும். இவற்றில் விடை வந்ததும் நிறுத்திவிடாமல், 'இந்த விடை எதைச் சொல்கிறது, இதன் அலகு என்ன' என்று ஒரு வரி எழுதிப் பார்க்கும் பழக்கத்தை உண்டாக்கிக்கொண்டால், ஜூன் மாதத்தில் பாதிச் சுமை குறைந்துவிடும். பிறகு மே மாதக் கடைசியில் வெக்டர் என்றால் என்ன, மாறும் வீதம் என்றால் என்ன, மடக்கை அட்டவணையை எப்படிப் பார்ப்பது என்ற மூன்றை மட்டும் புதிதாகத் தொட்டால் போதுமானது.

வேதியியலைப் பொறுத்தவரை, அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ணும் அளவான மோல் என்ற கருத்து ஒன்றே வாசற்படி. 36 கிராம் நீர் என்பது 2 மோல் என்பதையும், அதில் அவகாட்ரோ எண்ணைப் போல், அதாவது ஒரு மோலில் உள்ள எண்ணிக்கையைப் போல், இருமடங்கு மூலக்கூறுகள் உள்ளன என்பதையும் தயங்காமல் சொல்லும் பிள்ளைக்கு முதல் அலகின் வேதிக் கணக்கீடுகள் அச்சம் தருவதில்லை. உயிரியலுக்கு முன்தயாரிப்பாக நான் சொல்வது படம் வரைந்து பாகம் குறிக்கும் பழக்கம்தான்.

வணிகவியல் பிரிவில் சேரும் மாணவர்களைப் பற்றிப் பேசுவார் இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். அறிவியல் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பில் ஏதோ ஓர் அடித்தளமாவது இருக்கிறது. கணக்குப்பதிவியல் பிளஸ் 1 வகுப்பில் முற்றிலும் புதிதாகத் தொடங்குகிறது. வீட்டில் பணம் கைக்கு வந்தால் 'வரவு' என்று சொல்லிப் பழகிய பிள்ளை, ரொக்கம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கைப் பற்று செய்ய (டெபிட் பக்கத்தில் எழுத) வேண்டும் என்று படித்ததும் திகைத்துப்போகிறது. குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு ஆகிய சொற்கள் அதன்பின் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. விடுமுறையில் தம் வீட்டின் ஒரு மாத வரவு செலவையோ, தெருமுனைக் கடைக்காரரின் கடன் நோட்டையோ பார்த்து, யார் யாருக்கு என்ன தர வேண்டும் என்று எழுதிப் பழகிய மாணவனுக்கு இந்தத் திகைப்பு விரைவில் தீரும். என்னுடன் பணியாற்றிய கணக்குப்பதிவியல் ஆசிரியர் ஒருவர் அப்படித்தான் தொடங்குவார். அவருடைய மாணவர்கள் இரட்டைப்பதிவு முறையை ஆகஸ்டுக்குள் பிடித்துவிடுவார்கள்.

தமிழ் வழியில் பத்து ஆண்டுகள் படித்துவிட்டு, பிளஸ் 1 வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறும் பிள்ளைகளுக்கு மேலே சொன்ன அனைத்துக்கும் முன்பாக ஒரு வேலை இருக்கிறது. திசைவேகம்–வெலாசிட்டி, முடுக்கம்–ஆக்ஸலரேஷன், உந்தம்–மொமெண்டம், சார்பு–ஃபங்ஷன் என்று ஒரு நோட்டில் எதிரெதிரே தம் கையாலேயே எழுதிக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் இரு வழிப் புத்தகங்களையும் இணையத்தில் கட்டணமின்றி வைத்திருக்கிறது. ஒரே பாடத்தை இரண்டிலும் பக்கம் பக்கமாக வைத்துப் படித்தால் மொழி மாறினாலும் பொருள் மாறவில்லை என்பது பிள்ளைக்கே விளங்கிவிடும். மருண்டுபோய்ப் பாடத்தையே வெறுத்த பல பிள்ளைகளுக்கு உண்மையில் பாடம் கடினமாக இருக்கவில்லை; சொற்கள்தாம் அந்நியமாக இருந்தன.

இனி, ஏப்ரல் மாதமே தொடங்கிவிடும் கட்டணப் பயிற்சிகளைப் பற்றி. எங்கள் தெருவில் உள்ள ஒரு பையனைச் சென்ற கோடையில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தார்கள். காலை எட்டு மணிக்குப் போனால் மாலை நான்கு மணிக்குத்தான் வருவான். நாற்பது நாள்களில் இயற்பியல் முதல் தொகுதி முழுவதையும் முடித்துவிட்டார்கள் என்று அவன் தாயார் பெருமையோடு சொன்னார். ஜூன் மாதம் அவனிடம், பொருள்களின் சுழற்சியைப் பற்றிய பாடத்தில் வரும் நிலைமத் திருப்புத்திறனுக்கான சூத்திரங்களைக் கேட்டேன்; ஒன்று விடாமல் ஒப்பித்தான். அதே பாடத்திலிருந்து, கதவைக் கீலுக்கு அருகில் தள்ளுவதைவிடக் கைப்பிடிக்கு அருகில் தள்ளுவது ஏன் எளிது என்று கேட்டேன், பதில் இல்லை. பள்ளியில் அந்தப் பாடம் வந்தபோது, தெரிந்த பாடம்தானே என்று கவனிக்காமல் இருந்துவிட்டான். அவன் மீது எனக்குக் குறை இல்லை. பிள்ளையின் கோடையையும் பெற்றோரின் பணத்தையும் எடுத்துக்கொண்டு இவ்வளவுதான் தந்தார்களே என்பதுதான் என் வருத்தம்.

பிளஸ் 1 பாடங்களைத் தாண்டிக் குதித்து இரண்டு ஆண்டும் பிளஸ் 2 பாடத்தையே நடத்தும் வழக்கம் பல இடங்களில் இருந்ததால்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் 1 வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025-26 முதல் அத்தேர்வு கைவிடப்பட்டிருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் மூன்றாண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதும் அழுத்தம் குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் மருத்துவ, பொறியியல் படிப்புச் சேர்க்கைக்கான நீட், ஜே.இ.இ. ஆகிய தேர்வுகளின் கேள்விகள் இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் வருகின்றன. கல்லூரி முதலாண்டுப் பாடங்களும் பிளஸ் 1 அடித்தளத்தின் மீதே எழுகின்றன. தேர்வு இல்லாத அந்த ஓராண்டைப் பிள்ளைகள் விருப்பத்தோடு படிக்க வேண்டுமானால், தொடக்கத்திலேயே அவர்கள் தடுக்கி விழாமல் பார்த்துக்கொள்வது முன்னைவிட இப்போது கூடுதல் அவசியமாகிறது.

கோடை விடுமுறையில் சிறப்பு வகுப்புகள் நடத்தக் கூடாது என்று கல்வித்துறை அறிவுறுத்துவதை நான் அறிவேன். அதன் நோக்கத்தையும் ஏற்கிறேன். ஓராண்டு முழுவதும் விடியற்காலைச் சிறப்பு வகுப்பு, மாலைத் தேர்வு என்று ஓடிய பிள்ளை தூங்க வேண்டும், விளையாட வேண்டும், பாட்டி வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் பகுதியில் பல பிள்ளைகள் விடுமுறையில் வீட்டு வேலையும் வயல் வேலையும் பார்க்கிறார்கள். சிலர் கடைகளுக்கு வேலைக்குப் போய்த்தான் பள்ளிச் செலவுக்குப் பணம் சேர்க்கிறார்கள். இவர்களிடம் நாள் முழுவதும் வகுப்புக்கு வா என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் வகுப்பே இல்லை என்று கதவைச் சாத்திவிட்டால், பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏதோ ஒரு தயாரிப்பும், மற்றவர்களுக்கு ஜூலை மாதத்து அதிர்ச்சியும் என்று ஆகிவிடுகிறது.

எனவே கல்வித்துறைக்கு என் வேண்டுகோள் இதுதான். பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்து, பிள்ளைகள் எந்தப் பிரிவில் சேரப்போகிறார்கள் என்பது தெரிந்துவிடும் மே மாதக் கடைசியில், அக்னி நட்சத்திரத்தின் கடுமை தணியும் வேளையில், ஒவ்வோர் அரசு மேல்நிலைப் பள்ளியிலும் பத்து நாள்கள், காலை ஏழரை மணி முதல் பத்து மணி வரை மட்டும், விருப்பமுள்ளவர்களுக்கு ஓர் இணைப்பு வகுப்பு நடத்த அனுமதிக்க வேண்டும். அதில் பிளஸ் 1 பாடம் ஒன்றுகூட முடிக்கப்படக் கூடாது. தேர்வோ மதிப்பெண்ணோ இருக்கக் கூடாது. முதல் நாளில் ஒரு தாள் கொடுத்து, யாருக்கு எது விடுபட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு அதைச் சொல்லித் தந்தால் போதும். விடைத்தாள் திருத்தும் பணியை முடித்துவிட்டு வரும் ஆசிரியர்களுக்கு அந்நாள்களுக்குரிய ஈடுசெய் விடுப்பு தர வேண்டும். மாணவியர் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றி வந்துவிட முடியும். மாணவர்களுக்கும் அந்தப் பத்து நாள்கள் பழைய பயண அட்டையை ஏற்கச் சொல்லி ஓர் உத்தரவு வேண்டும். கணிதம் எடுக்காத அறிவியல் பிரிவு மாணவர்களையும் கணக்குப்பதிவியல் மாணவர்களையும் மறக்காமல் அழைக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் ஊர்தோறும் இருக்கிறோம். எங்கள் ஊர்ப் பள்ளியின் ஆய்வகம் அந்தக் காலை வேளைகளில் திறந்திருக்குமானால், ஒரு பந்தோடும் மடக்கை அட்டவணையோடும் ஏழரை மணிக்கு முன்பே வந்து நிற்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். ஊதியம் வேண்டாம், தலைமையாசிரியர் அனுமதித்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியை (இயற்பியல்),
அறந்தாங்கி, புதுக்கோட்டை மாவட்டம்.