அறிக்கையில் முதலில் வெட்டுப்படும் வரி

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையிலேயே இடம் கிடைத்ததில் சந்தோஷம். அமெரிக்க இணையப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த கிறிஸ் கிரெப்ஸைக் குறிவைத்து டிரம்ப் போட்ட உத்தரவு விவகாரத்தில் அத்தனை பெரிய இணையப் பாதுகாப்பு நிறுவனங்களும் ஏன் வாயே திறக்கவில்லை என்று கேட்டிருந்தாய். பயந்தாங்கொள்ளிகள் என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் அந்த உத்தரவு எழுதப்பட்ட விதத்தைப் பார்.

2020 நவம்பரில் அவர் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசாவின் இயக்குநர். தேர்தல் பாதுகாப்பாகவே நடந்தது என்று முகமை சொன்னது. டிரம்ப் ட்விட்டரிலேயே அவரை நீக்கினார். ஜார்ஜியா மாநிலத்தில் ஏறக்குறைய 50 லட்சம் காகித வாக்குகளைக் கையால் எண்ணியும் வெற்றியாளர் மாறவில்லை. 2025 ஏப்ரல் 9 அன்று வந்த உத்தரவு கிரெப்ஸின் செக்யூரிட்டி கிளியரன்ஸை, அதாவது அரசு ரகசியங்களைப் பார்க்கும் அனுமதியை, பறித்து, அவருடைய பதவிக்கால நடவடிக்கைகளையும் ஆராயச் சொன்னது. இதுவரை தனிமனிதர் மீதான வஞ்சம். அவர் அப்போது வேலை பார்த்த சென்டினல்ஒன் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர்களின் கிளியரன்ஸையும் மறுஆய்வு முடியும்வரை நிறுத்தியதே அதிலுள்ள விஷம். அங்கே கிளியரன்ஸ் வைத்திருந்தவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு என்று நிறுவனம் சொன்னது. அடி சிறியது. ஆனால் அரசு ஒப்பந்தங்களை நம்பியிருக்கும் மற்ற நிறுவனங்கள் தங்கள் பட்டியலை எண்ணிப் பார்த்திருக்கும். ஒரு வாரத்தில் கிரெப்ஸே அங்கிருந்து ராஜினாமா செய்தார்.

கிளியரன்ஸுக்குத் தனியாள் விண்ணப்பிக்க முடியாது. வேலை தருபவரோ அரசுத் துறையோ முன்மொழிய வேண்டும். அது போனால் ரகசியத் திட்டங்களில் வேலை அன்றே நிற்கும். நீதிமன்றத்துக்குப் போகலாமே என்பாய். 1988-இல் ஈகன் வழக்கில் வந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, கிளியரன்ஸ் முடிவு சரியா தவறா என்ற கேள்விக்குள் நீதிமன்றங்கள் பெரும்பாலும் நுழைவதில்லை.

எனக்குப் பெரிய கவலை வேறு. பேட்டி கொடுக்க மறுப்பது எல்லோருக்கும் தெரிகிறது. இணையத் தாக்குதல் பற்றி இந்த நிறுவனங்கள் வெளியிடும் அறிக்கைக்குள் விழும் வெட்டு யாருக்கும் தெரிவதில்லை. ஆய்வாளர் எழுதியது ஆசிரியர், வழக்கறிஞர், விற்பனைப் பிரிவு என்று கை மாறும்போது, முதலில் போவது நாட்டின் பெயர். ‘அரசு சார்ந்த குழு’ என்பது ‘ஒரு தாக்குதல் குழு’ ஆகும். முடிவின் மீது ‘உயர் உறுதி’ என்றது ‘மிதமான உறுதி’க்கு இறங்கும், ஆதாரத்தில் ஒரு எழுத்தும் மாறாமலே. ஐபி முகவரி, ஹேஷ் (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) பட்டியல் அப்படியே இருப்பதால் அறிக்கை முழுசாக இருப்பதுபோலத் தோன்றும்.

வோல்ட் டைஃபூன் என்ற ஊடுருவல் குழுவை எடுத்துக்கொள். 2023 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டும் அமெரிக்கா உள்ளிட்ட ஐந்து நாட்டு இணையப் பாதுகாப்பு முகமைகளும் சீன அரசு சார்ந்தது என்று பெயர் சொல்லி வெளியிட்டன. அந்தக் குழு தீநிரல் கோப்பு எதையும் அதிகம் போடுவதில்லை. விண்டோஸிலேயே இருக்கும் என்டிடிஎஸ்யூடில், நெட்எஸ்எச் போன்ற நிர்வாகக் கருவிகளை வைத்தே வேலையை முடிக்கும். வீட்டு ரவுட்டர்கள் வழியாக வருவதால் ஐபி முகவரியைத் தடுப்பதாலும் பெரிய பயனில்லை. குறி, பசிபிக்கில் உள்ள அமெரிக்கத் தீவான குவாமின் தொலைத்தொடர்பும் மற்ற அடிப்படைச் சேவைகளும் என்று தெரிந்தால்தான், ஒரு மின்வாரிய நிர்வாகி விண்டோஸில் எந்த நிரல் ஓடியது என்று குறிக்கும் 4688 நிகழ்வுப் பதிவைத் திறந்து பார்ப்பார். அதில் கட்டளை வரியைப் பதிவுசெய்யும் வசதி இயல்பாக அணைந்தே இருக்கும். யாராவது முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். யார், எதற்கு என்ற வரியை வெட்டினால், அதைப் போடச் சொல்லும் காரணமும் சேர்ந்து போகிறது.

உங்கள் குழுவில் இதைச் செய்துபார். ஆதாரத் தாளை அறிக்கையிலிருந்து பிரித்து வை. ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே ஆதாரம், உறுதி நிலை, மாற்று விளக்கம் மூன்றும் இருக்கட்டும். வழக்கறிஞருக்குப் போகும் முன் அந்தத் தாளின் ஹேஷைத் தேதியுடன் பதிந்துவிடு. பிறகு உறுதி நிலையை யார் இறக்கினாலும் பெயரும் காரணமும் எழுத வேண்டும். ‘வாடிக்கையாளர் வருத்தப்படுவார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட ஆள் கிடைப்பது கஷ்டம். ஆனால் வாய்மொழியாகச் சொல்லி மாற்றவைப்பார்கள், அங்கேதான் இந்த ஏற்பாடு ஓட்டை விடும். அப்போது மாற்றியவரே ‘இன்னார் சொன்னபடி’ என்று குறிக்க வேண்டும்.

உங்கள் மாதிரிப் படிவம் இருந்தால் அனுப்பு. அதில் மாற்று விளக்கத்துக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள் என்று பார்க்க ஆசை.

அன்புடன்,
ரகு