‘ரோமுலஸ்’ பார்த்த பிறகு முரளிக்கு

அன்புள்ள முரளி,

இங்கு அனைவரும் நலம். நீ அனுப்பிய பணம் கோபாலுக்குச் சேர்ந்துவிட்டது. உனக்குத் தனியாகக் கடிதம் எழுதுவதாகச் சொன்னான். எழுதமாட்டான் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

விண்வெளியில் மனிதர்களைக் கொல்லும் ஒரு ஜந்துவைப் பற்றிய ‘ஏலியன்’ படத் தொடரில் வந்த ‘ஏலியன்: ரோமுலஸ்’ படத்தை நேற்றிரவு வீட்டில் மறுபடியும் பார்த்தேன். 2024 ஆகஸ்டில் அது திரைக்கு வந்த சூட்டோடு எழுதியிருந்தால் வெறும் வசையாக முடிந்திருக்கும் என்றுதான் அப்போது எழுதவில்லை. இப்போது வசையோடு பாராட்டும் சேர்ந்திருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆகவே உன் தூக்கத்தையும் கெடுக்கிறேன்.

முதல் அரைமணி நேரம் அபாரம். உருகுவே நாட்டுக்காரரான இயக்குநர் ஃபெடே ஆல்வரெஸ், கதையைத் தொடரின் முதல் இரண்டு படங்களுக்கும் நடுவே, 2142-ஆம் ஆண்டில், சூரிய வெளிச்சமே படாத ஒரு சுரங்கக் குடியிருப்பில் தொடங்குகிறார். பெற்றோரைப் பறிகொடுத்த ரெயின் என்ற இளம்பெண், ஒப்பந்தப்படி 12,000 மணி நேர வேலையை முடித்துவிட்டு ஊரைவிட்டுப் போக அனுமதி கேட்கிறாள். ஆள் பற்றாக்குறை என்று சொல்லி, கணக்கை 24,000 மணி நேரமாக மாற்றிவிட்டு, நன்றியும் கூறி அனுப்பிவைக்கிறார்கள் நிறுவனத்தார். எந்த ஜந்துவும் வருவதற்கு முன்பே எனக்கு அடிவயிறு கலங்கியது அந்தக் காட்சியில்தான். சேகர் வளைகுடாவில் ஒப்பந்தம் முடிந்த பின்னும் பாஸ்போர்ட் கைக்கு வராமல் கிடந்தபோது, தொலைபேசியில் அவன் அழாமல் பேச முயன்ற குரல் உனக்கும் நினைவிருக்கும். இந்தத் தொடர் எனக்கு எப்போதும் கூலிக்காரர்களின் கதைதான். 1979-ஆம் ஆண்டுப் படத்தில் விண்கலத்தின் இயந்திரப் பணியாளர்களான பார்க்கரும் பிரெட்டும் போனஸ் பங்குக்காகப் புலம்புகிறார்களே, அங்கேயே எல்லாம் தொடங்கிவிடுகிறது. நீ தலையில் வைத்துக் கொண்டாடும் 1986-ஆம் ஆண்டுப் படத்தில் அது துப்பாக்கிச் சத்தத்தில் அமுங்கிப்போயிற்று என்பது என் பழைய கட்சி. நிறுவனத்தின் கையாளாக பர்க் இருந்தானே என்று சண்டைக்கு வருவாய், வா.

ரெயினின் தம்பியாக வளரும் ஆண்டி என்ற செயற்கை மனிதன்தான் இந்தப் படத்தின் உயிர். பழுதடைந்து, திக்கித் திக்கிப் பேசி, அசட்டு நகைச்சுவைத் துணுக்குகள் சொல்லும் அவனுக்கு, ரெயினுக்கு நல்லதையே செய்ய வேண்டும் என்பதுதான் அவளுடைய தந்தை இட்ட ஒரே கட்டளை. பிற்பாடு, ஊரைவிட்டுத் தப்ப வழி தேடி ரெயினும் நண்பர்களும் நுழையும் கைவிடப்பட்ட விண்வெளி நிலையத்தில், வேறொரு கணினிச் சில்லைப் பொருத்தியதும் அவன் நிறுவனத்தின் நன்மைக்காகவே இயங்கத் தொடங்குகிறான். திக்கல் மறைகிறது, முதுகு நிமிர்கிறது, அன்பும் போய்விடுகிறது. டேவிட் ஜான்ஸன் இதை முகத்தாலும் குரலாலும் மட்டுமே செய்து காட்டுகிறார். 1986 படத்தின் செயற்கை மனிதனான பிஷப்புக்காகக் கண்ணீர் விட்ட நீ இவனுக்காக ஒரு துண்டே எடுத்து வைத்துக்கொள்.

ஜந்துவின் அமில ரத்தம் விண்கலத்தின் தளங்களைத் துளைத்துவிடும், ஆகவே அதைச் சுட முடியாது என்பது முதல் படத்திலிருந்து வரும் விதி. ரெயின் செயற்கை ஈர்ப்பு விசையை நிறுத்திவிட்டுச் சுடுகிறாள். அமிலம் கீழே விழாமல் காற்றில் மிதக்க, அதற்கிடையே அவர்கள் நெளிந்து நெளிந்து போக வேண்டியிருக்கிறது. இத்தனை படங்களில் ஒருவருக்கும் தோன்றாத யோசனை! இப்படிச் சொந்தமாக யோசிக்கத் தெரிந்தவர், 1986 படத்தின் நாயகி ரிப்ளி அன்று ஜந்துக்களின் ராணியைப் பார்த்து ‘அவளை விட்டு விலகு’ என்று கத்திய அதே வசனத்தை ஆண்டியின் வாயில் திணித்தது ஏன்? நியூட் என்ற சிறுமியைக் காக்க வந்தவளின் வயிற்றெரிச்சல் அந்தச் சொற்களில் இருந்தது. இங்கே அது ரசிகர்களின் கைதட்டலுக்காக வீசப்பட்ட சில்லறை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எனக்குப் பொறுக்காதது ரூக் என்ற பாத்திரம். முதல் படத்தில் ஆஷ் என்ற செயற்கை மனிதனாக வந்த இயன் ஹோம் 2020-இல் காலமானார். அவருடைய முகத்தையே பொம்மையாகச் செய்து, அதன்மேல் கணினி வேலையையும் பூசி, அதே ரகத்தைச் சேர்ந்த இன்னொரு செயற்கை மனிதன் என்று கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அவருடைய மனைவியின் சம்மதம் பெற்றுத்தான் செய்தார்கள்; அதை மறுக்கவில்லை. திரையரங்கில் பார்த்தபோது கண் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் என்று அசைந்தது. பலரும் குறை சொன்ன பிறகு, வீட்டுக்கு வந்த பதிப்பில் கணினிப் பூச்சைக் குறைத்துப் பொம்மையைக் கூடுதலாகத் தெரியவிட்டிருக்கிறார்கள். இது எவ்வளவோ மேல். ஆனால் முகம் சரியாக அமைய அமைய எனக்கு மனக்கசப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

யோசித்துப் பார். ஒப்பந்தம் முடிந்த தொழிலாளியை விடமாட்டேன் என்கிற நிறுவனத்தின்மீது இத்தனை கோபம் கொள்கிற படம், இறந்துபோன ஒரு நடிகரைத் தானே மறுபடியும் வேலைக்கு அழைக்கிறது. கதைக்கு அது தேவையும் இல்லை. பிஷப்புக்கு வேறு முகம். நிறுவனம் எத்தனையோ முகங்களில் ஆட்களைச் செய்கிறது என்பது நமக்குத் தெரிந்ததுதானே. உயிரோடிருக்கும் ஒரு நடிகருக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தால் ஒரு வரிகூட மாறியிருக்காது. இவ்வளவும் சொல்கிற நான், பாதி அறுந்து கிடந்த அந்த உடலிலிருந்து பழைய குரல் எழுந்த கணத்தில் சிலிர்த்துப்போனேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். என்னைப் போன்றவர்களின் சிலிர்ப்புக்காகத்தான் அவரை எழுப்பியிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது கசப்பு இன்னும் கூடுகிறது.

கடைசி அரைமணி நேரத்தைப் பற்றி நீதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ராபர்ட் போப்ரோஸ்கி என்ற, ஏழரை அடிக்கு மேல் உயரமான ருமேனிய முன்னாள் கூடைப்பந்து வீரர் ஓர் உருவமாக வருகிறார். பயந்தேன் என்பது உண்மை. இதே தொடரின் 1997-ஆம் ஆண்டுப் படத்தின் முடிவை நினைத்துச் சலித்துக்கொண்டதும் உண்மை. நீ அந்தப் படத்தையே நல்ல படம் என்று வாதாடியவன் என்பதால் உன் தீர்ப்பு எவ்வளவு செல்லும் என்பது வேறு விஷயம்.

இந்தப் படத்தைப் பழைய விஎச்எஸ் காசெட்டாகவும் வெளியிட்டிருக்கிறார்களாம். வாங்கித் தொலைக்காதே, உன்னிடம் இருக்கும் டெக் ஓடாது. பார்த்துவிட்டு உடனே எழுது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே: கதையில் கர்ப்பிணி ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு நடப்பது மகா கோரம். வளைகாப்பு முடிந்து வந்திருக்கும் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போட்டுவிடாதே. அப்புறம் சாந்தா என்னைத்தான் திட்டுவாள்.

அன்புடன்,
ரகு