பொருள்: டிரெஸ் ரிகர்சல் அன்னைக்கு என் பொண்ணோட பின்னலை அவுக்க சொன்னது பத்தி

வணக்கம் மேடம்,

மூணு வருஷமா உங்கள அக்கான்னு தான் கூப்பிட்டேன், இன்னைக்கு மேடம்னே எழுதிக்கிறேன். திங்கட்கிழமையே இங்கிலீஷ்ல ஒரு மெயில் போட்டேன், உங்க கருத்துக்கு நன்றின்னு ரெடிமேடா ஒரு பதில் வந்துச்சு, சரி டான்ஸ் ஸ்கூல் ஓனர் நம்ம ஊர்க்காரங்க தானே, தமிழ்ல எழுதுனா நீங்களே தான் படிச்சாகணும்னு இத எழுதுறேன்.

என் பொண்ணு உங்க கிட்ட பாலே கத்துக்க 4 வயசுல சேர்ந்தா, இப்ப 7. என் வீட்டுக்காரர் இங்க நியூ ஜெர்சி நியூவார்க்ல பொறந்து வளந்த கறுப்பினத்தவர்னு உங்களுக்கு தெரியும், அவளுக்கு அவங்க அப்பா முடி. ரிகர்சலுக்கு முந்தின நாள் என் மாமியார் நியூவார்க்ல இருந்து வந்து, சோபாவுல உக்காந்து, இவள கீழ கால் நடுவுல உக்கார வச்சு, நுனியில இருந்து மேல வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா சிக்கெடுத்து, கோடு கோடா வகிடெடுத்து பாக்ஸ் பிரெய்ட், அதான் கட்டம் கட்டமா பிரிச்சு போடுற சின்ன சின்ன பின்னல், போட்டாங்க. சாயந்திரம் 5 மணிக்கு ஆரம்பிச்சது, முடிக்கும்போது 10 தாண்டிடுச்சு, இவ பாதியிலயே பாட்டி முழங்கால்ல சாஞ்சு தூங்கிட்டா. காலையில அந்த பின்னல் எல்லாத்தையும் மேல தூக்கி கொண்டை போட்டு, வலை போட்டு, 16 ஹேர்பின் குத்தி அனுப்புனேன். உங்க ரூல் புக்ல என்ன போட்டிருக்கு? கொண்டை போடணும், முகத்துல முடி விழக்கூடாது, வலை போடணும். மூணும் இருந்துச்சு.

உங்க டீச்சர் கேக்காம கொள்ளாம அவ தலையில கைய வச்சு அமுக்கி பாத்துட்டு, இது ஸ்மூத்தா இல்ல, லைட் பட்டா கோடு கோடா தெரியும், அவுத்துட்டு ஜெல் போட்டு வழிச்சு வாரிட்டு வாங்க, இன்னும் 40 நிமிஷம் இருக்குன்னாங்க. 40 நிமிஷம்! அந்த பின்னலை அவுக்கவே ரெண்டு மணி நேரம் ஆகும், அவுத்தா முடி பஞ்சு மாதிரி மேல எழும்பும், அதுல தண்ணியும் ஜெல்லும் பட்டா இன்னும் சுருங்கும், அத வழவழன்னு படிய வைக்கணும்னா சூடு போட்டு இழுக்கணும், அப்புறம் அந்த சுருள் சிலசமயம் திரும்பி வரவே வராது. முன் நெத்தியில முடிய இறுக்கி இறுக்கி கட்டுனா அங்க முடி கொட்டி வழுக்கை விழும், இதுக்கு ட்ராக்‌ஷன் அலொபீசியான்னு பேரே இருக்கு. 7 வயசு புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு, நாலு நிமிஷ டான்ஸுக்கா?

நான் முடியாதுன்னேன். உடனே முதல் வரிசையில நின்ன புள்ளைய கடைசி வரிசை ஓரத்துக்கு தள்ளிட்டீங்க. குரூப் போட்டோவுல அடுத்த ஷாட்டுக்கு வா செல்லம்னு நிக்க வச்சாங்க, அடுத்த ஷாட் எடுக்கவே இல்ல. அதே நேரம் இன்னொரு பொண்ணு, பாவம் அந்த புள்ளைய சொல்லி குத்தமில்ல, பாதி முடி கழுத்துல தொங்குது, ஸ்ப்ரே அடிச்சு கன்னத்துல தட்டி அனுப்பிட்டாங்க.

இதெல்லாம் கூட டீச்சருக்கு தெரியலன்னு விட்டிருப்பேன். நீங்க காஸ்ட்யூம் அம்மா கிட்ட தமிழ்ல சொன்னீங்களே, "இந்த பரட்டைய வச்சுக்கிட்டு என்ன பண்றது, ஸ்ட்ரெய்ட்டன் பண்ணியாவது கூட்டிட்டு வந்திருக்கலாம்ல"ன்னு, அது தான் விட முடியல. அவளுக்கு தமிழ் தெரியாதுன்னு நெனச்சீங்க போல. தினமும் மதுரையில இருக்குற எங்கம்மா கூட வீடியோ கால்ல வாயாடுற புள்ள அவ. கார்ல ஏறுனதும் அம்மா பரட்டைன்னா என்னன்னு கேட்டா. என்ன சொல்றதுன்னு தெரியாம, சுருள் சுருளா இருக்குற முடிக்கு அப்படி சொல்லுவாங்கன்னு சமாளிச்சேன். ராத்திரி போன்ல எங்கம்மா கிட்ட "அம்மாச்சி எனக்கு பரட்டை முடி, தெரியுமா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றா. எங்கம்மா என்ன பாத்தாங்க, நான் சமையல்கட்டுக்கு எந்திரிச்சு போயிட்டேன்.

நான் ஒண்ணும் எல்லாம் தெரிஞ்சவ இல்ல மேடம். இவ கைக்குழந்தையா இருக்கும்போது நானும் எங்கம்மா சொன்னாங்கன்னு தேங்காய் எண்ணெய தடவி சின்ன பல் சீப்பால காஞ்ச முடிய வாரி அழ வச்சவ தான். மாமியார் சீப்ப பிடுங்கி வச்சுட்டு, ஈரத்தோட கண்டிஷனர் போட்டு விரலால பிரிக்க சொல்லிக் கொடுத்தாங்க. தெரியலன்னா கேட்டிருக்கலாம்ல நீங்களும்.

உங்க கிட்டயே தான பரதநாட்டியம் கிளாஸும் நடக்குது. அங்க பாப் கட் வச்ச புள்ளைக்கு சவுரி வச்சு குஞ்சலம் கட்டி ஜடை போடுறோம், உன் முடி தப்புன்னு யாரும் சொல்றதில்ல. ஐரிஷ் டான்ஸ் போட்டிக்கு போனா சுருட்டை முடி வச்ச விக்கை காசு கொடுத்து வாங்கி மாட்டிட்டு ஆடுறாங்க. கடையில வாங்குன சுருட்டை அழகு, தலையில மொளச்ச சுருட்டை பரட்டையா?

கால்ல ஒட்டி போடுற டைட்ஸ ஸ்கின் கலர்னு லிஸ்ட்ல போட்டு பேபி பிங்க் கொடுத்தீங்க, யாரோட ஸ்கின்னு அப்பவே கேட்டிருக்கணும். நியூயார்க்ல கறுப்பின கலைஞர்களுக்காக ஆரம்பிச்ச பாலே குழு டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம், அந்த ஆளுங்க 1974லயே அவங்கவங்க தோல் நிறத்துக்கு டைட்ஸும் ஷூவும் போட்டு மேடை ஏற ஆரம்பிச்சுட்டாங்க. உங்க ரிசப்ஷன் சுவத்துல மிஸ்டி கோப்லண்ட் படத்த பெருசா மாட்டிருக்கீங்க, 2015ல அமெரிக்கன் பாலே தியேட்டர்ங்கிற பெரிய பாலே குழுவுல பிரின்சிபல், அதான் முதன்மை டான்ஸர், ஆன முதல் ஆப்பிரிக்க அமெரிக்க பொண்ணு. எங்க பொண்ணு அந்த படத்த பாத்து தான் பாலே சேரணும்னு நின்னா.

சட்டமும் சொல்லிடுறேன், மிரட்டுறதுக்கு இல்ல, நியூ ஜெர்சில பிசினஸ் பண்றவங்க தெரிஞ்சுக்க வேண்டியது. 2018 டிசம்பர்ல இங்க புவேனா ஹைஸ்கூல் மல்யுத்த போட்டியில 16 வயசு கறுப்பின பையனோட ட்ரெட்லாக்ஸ, அதான் சடை சடையா திரிச்ச முடிய, வெட்டுனா தான் ஆடலாம்னு நடுவர் சொல்லி, எல்லார் முன்னாடியும் கத்தரியால வெட்டுனாங்க. சரியா ஒரு வருஷம் கழிச்சு 2019 டிசம்பர் 19ல இங்க கிரவுன் ஆக்ட்னு ஒரு சட்டம் வந்துச்சு. முடியோட தன்மை, பிரெய்ட், ட்விஸ்ட்னு முறுக்கி விடுற முடி, லாக்ஸ்னு சொல்ற அந்த ட்ரெட்லாக்ஸ் இத வச்சு பாகுபாடு பாத்தா அது இனப் பாகுபாடு தான், வேலைக்கும் ஸ்கூலுக்கும் மட்டும் இல்ல, பொதுமக்களுக்கு சர்வீஸ் கொடுக்குற இடத்துக்கும் சேத்து தான். மாநில சிவில் ரைட்ஸ் டிவிஷன்ல புகார் கொடுக்க 180 நாள் டைம் இருக்கு, என் வீட்டுக்காரர் அந்த ஃபார்ம ஏற்கனவே திறந்து வச்சிருக்கார், நான் தான் முதல்ல உங்களுக்கு எழுதுறேன்னு நிறுத்தி வச்சிருக்கேன்.

காஸ்ட்யூமுக்கும் போட்டோவுக்கும் கட்டுன 130 டாலர் திரும்ப வேணும். ரூல் புக்ல பின்னல், ட்விஸ்ட், லாக்ஸ், சுருள் முடிய அப்படியே தூக்கி கட்டுற பஃப் எதுவா இருந்தாலும் சரின்னு எழுத்துல போட்டு எல்லா பேரன்ட்ஸுக்கும் அனுப்புங்க, கேக்காம புள்ளைங்க தலைய தொட கூடாதுன்னும் சேத்து போடுங்க. என் கிட்ட சாரி கேக்க வேணாம், அவ கிட்ட கேளுங்க, தமிழ்லயே கேளுங்க, அவளுக்கு புரியும்.

ரிசைட்டல், மேடையேறுற நிகழ்ச்சி, வர்ற ஞாயித்துக்கிழமை. வியாழக்கிழமைக்குள்ள பதில் வேணும். அவளோட பழைய இடம் முதல் வரிசையில இடது பக்கம் மூணாவது, அவ நிக்க தரையில ஒட்டுன டேப் இன்னும் அங்க தான் இருக்கு. அதே பின்னலோட தான் வருவா.

இப்படிக்கு,
செவ்வாய் 5 மணி பாலே கிளாஸ் புள்ளையோட அம்மா