மாநில உரிமைக்காக நடந்த போர்னு சொல்ற நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே வணக்கம்,

அமெரிக்க உள்நாட்டுப் போர்ல தெற்கு மாநிலங்கள் மாநில உரிமைக்காகத்தான் பிரிஞ்சு போச்சுன்னு நீங்க சொல்றத அடிக்கடி கேக்குறேன். மாநில உரிமைன்னு காதுல விழுந்தாலே நமக்கெல்லாம் நெஞ்சு நிமிரும், எனக்கும்தான், அந்த வார்த்தைய அந்தத் தெற்கு மாநிலங்களுக்குத் தூக்கிக் குடுக்குறது தாங்காமத்தான் எழுதுறேன்.

1861 ஜனவரில மிசிசிப்பி பிரிஞ்சப்ப அவங்களே ஒரு காரண அறிக்கை போட்டாங்க. எடுத்துப் படிங்க. ரெண்டாவது வாக்கியத்துலயே எங்க நிலைப்பாடு அடிமை முறையோட முழுசா பின்னிக் கெடக்கு, உலகத்துலயே பெரிய பொருளாதார நலன் அதுதான்னு போட்டு உடைச்சிருக்காங்க. 1860 சென்சஸ்படி அந்த மாநிலத்துல இருந்த சுமார் 7.9 லட்சம் பேர்ல 4.36 லட்சம் பேர் அடிமைகள், அதாவது பாதிக்கு மேல. பருத்திக்காட்டு முதலாளிக்கு அவங்கதான் சொத்து, அவங்கள அடமானம் வச்சுத்தான் கடன் வாங்குவான், மனுஷன அடகு வச்சு நிலம் வாங்குற ஊர்ல சட்டசபையில யாரு உக்காந்திருப்பான்னு நீங்களே யோசிங்க.

தெற்கு கரோலினா அறிக்கை இன்னும் மோசம். தப்பிச்சு வந்த அடிமைகள வடக்கு மாநிலங்கள் பிடிச்சுத் தர மாட்டேங்குது, தடுக்க சட்டம் வேற போடுதுன்னு புலம்புறாங்க. வடக்கு மாநிலம் தன் எல்லைக்குள்ள சட்டம் போட்டா அது மட்டும் மாநில உரிமை இல்லையா?

போர் ஆரம்பிச்சப்புறமும் அதே கதைதான். 1862 அக்டோபர்ல, பிரிஞ்சு போன மாநிலங்கள் சேர்ந்து அமைச்ச தெற்கு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்துச்சு, 20 அடிமைகளோ அதுக்கு மேலயோ இருக்குற பண்ணைக்கு ஒரு வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குப் போக வேண்டாம்னு. ஒரு அடிமைகூட இல்லாத ஏழை விவசாயி துப்பாக்கியத் தூக்கிட்டுப் போனான், வீட்டுல அவன் பொண்டாட்டி ஏர் பிடிச்சா. கோட்டைச் சுவர் எழுப்ப, பதுங்குகுழி வெட்ட அடிமைகள அனுப்புங்கன்னு ராணுவம் கேட்டப்ப, பெத்த மகன சண்டைக்கு அனுப்பின முதலாளிங்களே அடிமைய அனுப்ப முரண்டு பிடிச்சாங்க. இதப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல.

அடிமை முறைய ஒழிச்ச அமெரிக்க அரசியல் சட்டத்தோட 13வது திருத்தத்த மிசிசிப்பி ஏத்துக்கிட்டது எப்ப தெரியுமா, 1995ல, அந்தப் பேப்பர் மத்திய அரசுக்கு முறையா போய்ச் சேர்ந்தது 2013ல. அடுத்த தடவ மாநில உரிமைப் போர்னு சொல்ல வாயெடுக்குறதுக்கு முன்னாடி மிசிசிப்பி அறிக்கையோட அந்த ரெண்டாவது வாக்கியத்த ஒரு தடவ சத்தமா படிங்க.

அன்போட,
உங்கள்ல ஒருத்தன்