இரண்டு வருடத்தில் தீரும் இ.எஸ்.ஐ., தீராத புற்றுநோய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அக்டோபர் மாதம் வந்தால் மார்பகப் புற்றுநோய் பற்றிப் பத்திரிகைகளில் கட்டுரைகள் வரும். கட்டி தட்டுப்பட்டால் தள்ளிப்போடாதீர்கள், சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாக்கிவிடலாம் என்று டாக்டர்கள் எழுதுவார்கள். எல்லாம் சரி. கண்டுபிடித்து, ஆபரேஷன் பண்ணி, கீமோ ஏற்றி, கரண்ட் வைத்து (கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர்), அதற்கப்புறமும் நோய் விடாமல் இரண்டு வருடத்தைத் தாண்டிவிட்டால் ஒரு தொழிலாளிக்கு என்ன ஆகும் என்று யாரும் எழுதிப் பார்க்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளி. செக்கிங்கில் சேர்ந்து, ஓவர்லாக் பழகி, டெய்லராகி 19 வருடம் ஓடியிருக்கிறது. அந்த 19 வருடமும் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பிடித்தார்கள். 2019 ஜூன் வரை நூற்றுக்கு 1.75 ரூபாய், அதற்குப் பிறகு 0.75 ரூபாய். முதலாளி பங்கு இப்போது 3.25. பெரிய தொகை இல்லைதான். ஆனால் காய்ச்சல் தலைவலிக்குக்கூட டிஸ்பென்சரி பக்கம் போகாமல் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடியவர்கள்தான் எங்களில் பாதிப்பேர், ஒருநாள் போனால் ஒரு ஷிப்ட் போய்விடும் என்பதால்.

நோய் வந்தபோது இ.எஸ்.ஐ. எனக்கு நன்றாகவே செய்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஒப்பந்தத்தில் இருந்த தனியார் மருத்துவமனைக்கு ரெபரல் கொடுத்தார்கள். ஆபரேஷனுக்கும் கீமோவுக்கும் என் கையிலிருந்து காசு போகவில்லை. சம்பளம் நின்றபோது முதல் 91 நாளைக்கு 70 சதவீதம் நோய்க்காலத் தொகை வந்தது. அதற்குப் பிறகு, புற்றுநோய் அவர்களுடைய 34 நீண்டகால நோய்கள் பட்டியலில் இருப்பதால், 80 சதவீதமாக நீட்டித்துக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும், முந்தைய நான்கு ஆறுமாதச் சந்தாக் காலங்களில் 156 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பது இதற்கு நிபந்தனை. எனக்கு எல்லாம் இருந்தது. மாதம் 14,000 சொச்சம் வந்தது, அதில்தான் வீட்டு வாடகையும் பையனின் காலேஜ் பஸ் பீஸும் போயின.

நடுவில் கம்பெனியில் கூப்பிட்டு, ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள், உடம்பு தேறியதும் மறுபடி சேர்த்துக்கொள்கிறோம் என்று அன்பாகத்தான் கேட்டார்கள். சங்கத்துக்காரர் ஒருவர் கையெழுத்துப் போடவே கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். அப்போதிருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவுப்படி நோய்க்காலத் தொகை வாங்கிக்கொண்டிருப்பவரை வேலையிலிருந்து நீக்க முடியாது, அதனால்தான் நம்மையே எழுதித் தரச் சொல்கிறார்கள் என்று அவர் விளக்கியிருந்தார். நான் எழுதித் தரவில்லை. பக்கத்து லைனில் வேலை பார்த்த ஒரு அக்கா எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இதைப் படிக்கும் தொழிலாளர்கள் யாராவது ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தால், தயவுசெய்து எந்தத் தாளிலும் சங்கத்தையோ ஒரு வக்கீலையோ கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நீட்டிப்பு எவ்வளவு போட்டாலும் மொத்தம் இரண்டு வருடம்தான், 730 நாள். என் கணக்கு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது எடுத்த ஸ்கேனில் நோய் முதுகெலும்புக்குப் போயிருப்பது தெரிந்தது. முன்பெல்லாம் எலும்புக்குப் போய்விட்டது என்றால் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்பார்கள். இப்போது அப்படி இல்லை. மாத்திரையும் ஊசியும் தொடர்ந்து போட்டால் பல வருடம் இருக்கலாம், ஆனால் நிறுத்தக்கூடாது என்றார் டாக்டர். நிறுத்தக்கூடாது என்று அவர் சொன்ன மருந்தை 730 நாள் முடிந்ததும் இ.எஸ்.ஐ. நிறுத்திவிட்டது. மாதாமாதம் வந்த பணமும் கூடவே நின்றது.

இதில் உள்ள முடிச்சைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். இ.எஸ்.ஐ. சிகிச்சை வேண்டும் என்றால் சந்தா வேண்டும், சந்தா வேண்டும் என்றால் சம்பளம் வேண்டும், சம்பளம் வேண்டும் என்றால் நான் மெஷினில் உட்கார வேண்டும். வேலைக்கு லாயக்கில்லை என்று டாக்டர் எழுதினால் சிகிச்சை போய்விடும். லாயக்கு என்று எழுதினால் முதுகுத்தண்டில் நோயோடு, அக்குளில் நெறிகட்டி எடுத்ததால் வீங்கிப்போன வலது கையோடு, நான் ஓவர்லாக் ஓட்ட வேண்டும். தெரிந்த கம்பெனி எதிலாவது மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) பேரை மட்டும் போட்டு மாதாமாதம் சந்தா கட்டச் சொல் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. ஊரில் நடக்காத விஷயம் இல்லை. 19 வருடம் உண்மையாக வேலை செய்து கட்டியவள், மருந்துக்காகப் பொய் வேலை காட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் என்னைத் தள்ளுகிறது என்றால் கோளாறு என்னிடம் இல்லை.

கவுண்டரில் இருந்தவர், இது சேமிப்பு இல்லை அம்மா, காப்பீடு, நீங்கள் கட்டியதைத் திருப்பிக் கேட்க முடியாது என்றார். நான் கட்டியதைக் கேட்கவில்லை. காப்பீடு என்றால் நோய் உள்ளவரைக்கும் கூட நிற்க வேண்டாமா என்றுதான் கேட்டேன். 1952ல் நேரு கான்பூரில் இந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்த காலத்தில் மில் தொழிலாளிக்குக் காசநோய்தான் பெரிய பயம். இரண்டு வருடத்தில் ஒன்று தேறுவான், இல்லை போய்விடுவான் என்று நினைத்துத்தான் கணக்குப் போட்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மருத்துவம் எங்களை அதற்கு மேலும் உயிரோடு வைத்திருக்கிறது, விதி இன்னும் அங்கேயே நிற்கிறது.

சரி, ஊனமுற்றோருக்கான வழி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். இ.எஸ்.ஐ.யில் நிரந்தர ஊனத்துக்கு உதவித்தொகை உண்டு, வேலை செய்யும்போது அடிபட்டிருந்தால். வேலைக்கு வெளியே நடந்த விபத்தில் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் வந்து வேலை போனால் 2005லிருந்து ஒரு திட்டம் இருக்கிறது, அதில் வேலையில்லாக் காலத்துக்குப் பணமும் சிகிச்சையும் தருகிறார்கள். விபத்து என்றால் உண்டு, வியாதி என்றால் இல்லை. லாரி மோதி இந்தக் கை போயிருந்தால் விண்ணப்பமாவது வாங்கியிருப்பார்கள்.

மாநில அரசு பக்கம் போனால், 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, பழைய சட்டத்தில் ஏழுதான் இருந்தது. ரத்தம் சம்பந்தப்பட்ட தலசீமியா, ஹீமோபிலியா, சிக்கிள் செல் மூன்றையும் சேர்த்திருக்கிறார்கள், ரொம்ப நல்லது. புற்றுநோய் அதில் இல்லை. புற்றால் குரல்வளையை எடுத்துவிட்டால் பேச்சுக் குறைபாடு என்று கணக்கில் வரும், காலை எடுத்தால் வரும். மார்பை எடுத்தால் வராது, எலும்பு அரித்தால் வராது. கை வீக்கத்தை மட்டும் பார்த்த மருத்துவக் குழு எனக்குப் போட்ட சதவீதம் 40ஐத் தொடவில்லை, அதற்குக் கீழே போனால் உதவித்தொகைக்கு மனுவே போட முடியாது.

முதலமைச்சர் காப்பீட்டில் சேரலாமே என்று நிறையப் பேர் கேட்பார்கள். குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார், மாதம் 15,000 வரும், வருடத்துக்கு 1,80,000 ஆகிறது. அவர் வேலை செய்யும் கூடத்தில் மொத்தமே ஆறு பேர், பத்துப் பேர் இருந்தால்தான் இ.எஸ்.ஐ., ஆக அவர் மூலமாகவும் எனக்கு வழி இல்லை. வருமானச் சான்றிதழில் குறைத்துப் போட்டு வாங்கிவிடலாம், எல்லாரும் அப்படித்தான் என்று சொன்னார்கள். இருக்கலாம். மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பாதிக்கும் குடும்பத்துக்குப் புற்றுநோய் மருந்து வாங்கும் வசதி இருக்கிறது என்று எந்த ஊர்க் கணக்கில் முடிவு பண்ணினார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. 70 வயது ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஐந்து லட்சம் வரை காப்பீடு என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு கொண்டுவந்தது. எனக்கு வயது 47.

இப்போது அரசு மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அங்கே ஒருத்தரும் காசு கேட்கவில்லை, நர்சம்மாக்கள் தாயாகப் பார்த்துக்கொள்கிறார்கள், அரசு ஆஸ்பத்திரியைக் குறை சொல்லி இந்தக் கடிதத்தை யாரும் பயன்படுத்த வேண்டாம். ஆனால் ஓரிடத்தில் இரண்டு வருடம் பார்த்த டாக்டரை விட்டு, பைலைத் தூக்கிக்கொண்டு இன்னோரிடத்தில் முதல் சீட்டிலிருந்து தொடங்குவது புற்றுநோய்க்காரிக்குச் சின்ன விஷயம் இல்லை. ஸ்கேனுக்குத் தேதி கிடைக்கக் காத்திருக்க வேண்டும். முன்பு போட்ட ஊசி அங்கே எப்போதும் இருக்காது. துணைக்கு வருகிற வீட்டுக்காரருக்கு அன்றைய கூலி போய்விடும். மாதம் 14,000 வந்துகொண்டிருந்த வீட்டில் இப்போது அது இல்லை என்பதும் சேர்ந்துகொண்டால், பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. பி.எப். பணத்தை நோய்க்கென்று ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான், அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். ஐந்து வருடமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து, வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர் மாதம் 10 ரூபாய், அதாவது வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் துணைவருக்கும் சிகிச்சை தொடரும். இது இன்றும் இருக்கிற விதி. 2010ல் சட்டத்தைத் திருத்தியபோது விருப்ப ஓய்வு பெற்றவர்களையும் முன்கூட்டியே ஓய்வு பெற்றவர்களையும் சேர்த்தார்கள். பெரிய மில்லிலும் பொதுத்துறையிலும் இருப்பவர்களுக்கு அது உதவும். பனியன் கம்பெனியில் முன்கூட்டிய ஓய்வு என்று யார் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள்? எங்களுக்கு இருப்பது ராஜினாமா, இல்லாவிட்டால் பேரை அடிப்பது, இரண்டுதான். நான் அந்த 120 ரூபாயைக் கட்டப் போனபோது ஓய்வு பெற்றதற்குக் கம்பெனிச் சான்று கேட்டார்கள். கம்பெனியில் ராஜினாமா வேண்டுமானால் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள்.

ஐந்து வருடம் சந்தா கட்டியவர், அந்த 34 நோய்களில் ஒன்றால் 730 நாளும் முடித்து, இனி வேலைக்குப் போக முடியாது என்று இ.எஸ்.ஐ. மருத்துவக் குழுவே எழுதிவிட்டால், அவரையும் ஓய்வு பெற்றவராக எடுத்துக்கொண்டு அதே 120 ரூபாயை வாங்கிக்கொள்ளட்டும். 1,200 என்றாலும் கட்டுகிறேன். கம்பெனிச் சான்று கேட்கக் கூடாது, இ.எஸ்.ஐ. தன் கணினியில் இருக்கும் 19 வருடச் சந்தாவைப் பார்த்தால் போதும். மாதாமாதம் பணம் கொடுங்கள் என்றுகூட இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை, அது வேறு சண்டை.

இ.எஸ்.ஐ.யில் சேர்வதற்கான சம்பள வரம்பு பற்றிப் பேசுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 2017 ஜனவரியில் 15,000லிருந்து 21,000 ஆக்கியதை மறுபடி உயர்த்த வேண்டும் என்று சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன, கேட்க வேண்டியதுதான். ஆனால் உள்ளே இருந்துகொண்டே வெளியே தள்ளப்படும் எங்களைப் பற்றி எந்த மேடையிலும் பேச்சு வந்து நான் கேட்டதில்லை. இ.எஸ்.ஐ. கழகத்தில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், மாநில அரசுகளின் பிரதிநிதிகள் இருக்கிறார்கள், தொழிற்சங்கங்களின் ஆட்களும் இருக்கிறார்கள். உங்கள் நிருபர்கள் அவர்களில் யாரையாவது பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்டு, வரும் பதிலை அப்படியே போட்டால் உபகாரமாக இருக்கும்.

கடிதம் நீண்டுவிட்டது, இடமில்லாமல் வெட்டுவீர்கள் என்று தெரியும். என் கதையை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டுங்கள், அந்த 120 ரூபாய் விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பனியன் தொழிலாளி ஒருவர்,
திருப்பூர்.