டிஎன்எஸ் மாற்றலாமா என்று கேட்டிருந்தாயே

மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இன்னும் கொஞ்ச நாளைக்கு அவர்களை அடுப்புப் பக்கம் விடாதே, நீ சொன்னால் கேட்க மாட்டார்கள், அக்காவை விட்டுச் சொல்லச் சொல். இங்கே பெரியவள் காலேஜில் சேர்ந்துவிட்டாள். காலை ஆறரைக்கு பஸ், அதனால் வீடு மொத்தமும் ஐந்து மணிக்கு எழுந்துவிடுகிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கடைக்கு சர்வீஸ் பார்க்க வரும் பையன் "8.8.8.8 போட்டுவிடுங்கள் அண்ணா, நெட் பறக்கும்" என்கிறானாம், கூகுளின் அந்த டிஎன்எஸ் எண்ணைப் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். மாற்று என்பதுதான் என் பதில். ஆனால் அவன் சொன்ன காரணத்துக்காக இல்லை, அவன் சொன்ன எண்ணும் உன் கடைக்குப் பொருத்தமில்லை. உன் பிரவுசிங் கடையில் உட்காருகிறவர்கள் ஆதாரும் பான் கார்டும் பேங்க் பாஸ்புக்குமாக வருகிறவர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கே இது உறைத்தது போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான். நெட் போய்விட்டது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், மாடிவீட்டு அக்காவும் இறங்கி வந்து, பரீட்சை விண்ணப்பத்துக்கு அன்றைக்குத்தான் கடைசி நாள் என்று தவித்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் ரவுட்டரில் விளக்கெல்லாம் பச்சை, ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த வீடியோ நிற்காமல் ஓடியது, வாட்ஸப் மெசேஜ் போனது, புதிதாக எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மட்டும் வரவில்லை. நெட் கம்பெனிக்குப் போன் போட்டால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள், மூன்று தடவை போட்டோம். அப்புறம் சந்தேகம் வந்து லேப்டாப்பில் டிஎன்எஸ் எண்ணை மட்டும் மாற்றினேன், அந்த நிமிஷமே எல்லாம் திறந்தது. அக்காவின் விண்ணப்பம் இரவு பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தது. கம்பியில் கோளாறு இல்லை, வழி சொல்கிற ஆள்தான் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை.

டிஎன்எஸ் என்பதே அந்த வழி சொல்கிற ஆள்தான். ஒரு தளத்தின் பெயரை நீ அடிக்கிறாய், அந்தப் பெயருக்கு உரிய ஐபி எண், அதாவது இணையத்தில் அதன் விலாசம், தெரியாமல் கம்ப்யூட்டரால் அங்கே போக முடியாது. அதனால் முதலில் நெட் கம்பெனியின் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். அதற்கு ஞாபகத்தில் இருந்தால் உடனே சொல்லும், இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ரூட் சர்வர், அப்புறம் 'டாட் இன்' பெயர்களைப் பார்த்துக்கொள்ளும் சர்வர், அப்புறம் அந்தத் தளத்தின் சொந்த சர்வர் என்று படிப்படியாகக் கேட்டு வந்து சொல்லும். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த ஏற்பாடு இது. அதற்கு முன்னால் நெட்வொர்க்கில் இருந்த கம்ப்யூட்டர்களின் பெயர்களையெல்லாம் ஒரே ஃபைலில் எழுதி வைத்து, அதை எல்லோரும் நகல் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது வேகம். டிஎன்எஸ் மாற்றினால் உன் இணைப்பின் டவுன்லோடு வேகம் ஒரு துளிகூட ஏறாது. உன் 50 எம்பிபிஎஸ் 50 எம்பிபிஎஸ்தான். வீடியோ நடுவில் நின்று நின்று ஓடினால் அது பெரும்பாலும் டிஎன்எஸ் கோளாறு இல்லை. பக்கத்தைத் திறக்கும்போது முதலில் சில விநாடி வெள்ளையாக நின்றுவிட்டு அப்புறம் மொத்தமும் மடமடவென்று வந்தால் டிஎன்எஸ் மேல் சந்தேகப்படலாம். ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தாலே விளம்பரம், படம், எழுத்துரு என்று பல பெயர்களை அது விசாரிக்க வேண்டியிருக்கும், சர்வர் திணறினால் ஒவ்வொன்றுக்கும் காத்திருக்கும். லினக்ஸில் வழக்கமான அமைப்பில் ஒரு கேள்விக்குப் பதில் வராவிட்டால் 5 விநாடி பொறுத்துத்தான் மறுபடி கேட்கும் என்றால் பார்த்துக்கொள்.

ஆனால் நன்றாக இயங்கும் நாளில் நெட் கம்பெனியின் சர்வர்தான் உனக்குப் பக்கத்தில் இருக்கும், பெரும்பாலும் வெளி டிஎன்எஸ்ஸைவிட அதுதான் சீக்கிரம் பதில் சொல்லும். இன்னொன்றும் இருக்கிறது. பெரிய தளங்கள் தங்கள் படங்களையும் வீடியோக்களையும் ஊருக்கு ஊர் வைத்திருக்கும், எந்த ஊர் நகலைக் கொடுப்பது என்பதைப் பல தளங்கள் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை வைத்துத்தான் முடிவு செய்கின்றன. வெளி டிஎன்எஸ் மூலம் போனால் சில சமயம் தூரத்து நகல் கிடைக்கும். கூகுள் உன் ஐபி எண்ணின் ஒரு பகுதியை அந்தத் தளங்களுக்குச் சொல்லி இதைச் சரிக்கட்டுகிறது. 1.1.1.1 என்ற டிஎன்எஸ்ஸை நடத்தும் கிளவுட்ஃபிளேர் கம்பெனி, உன் அந்தரங்கம் முக்கியம் என்று அதைச் சொல்வதில்லை. ஒன்று வேண்டுமென்றால் இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். அதனால் கடையில் காலை, மதியம், கூட்டம் இருக்கும் சாயங்காலம் என்று ஒரு வாரம் அளந்து பார்க்காமல் வேகத்தைப் பற்றி யார் சொன்னாலும் நம்பாதே.

எனக்கு வேகத்தைவிட நம்பிக்கைதான் பெரிய விஷயம். என் பழைய நெட் கம்பெனியில், தளத்தின் பெயரைத் தப்பாக அடித்தால் 'அப்படி ஒரு முகவரி இல்லை' என்று வர வேண்டிய இடத்தில் விளம்பரப் பக்கம் வந்து நிற்கும். இல்லாததை இல்லை என்று சொல்ல வேண்டியது டிஎன்எஸ்ஸின் கடமை. அதில் காசு பார்க்கிறவன் மற்ற பதில்களை மட்டும் ஒழுங்காகச் சொல்வான் என்று எப்படி நம்புவது? அன்றைக்கே அந்த இணைப்பை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன்.

அதற்காக வெளியாள் எல்லாம் தர்மவான் என்று சொல்லவில்லை. நீ மாற்றும்போது நடப்பது இதுதான்: உன் கடையில் யார் யார் எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்கிற பட்டியல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிறது. நெட் கம்பெனிக்கு உன் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் தெரியும். வெளியாளுக்கு ஐபி எண்தான் தெரியும், ஆனால் அவனிடம் உலகம் முழுவதும் வந்து கேட்கிறது. கூகுள் 2009 டிசம்பரில் 8.8.8.8-ஐத் தொடங்கியது. முழு ஐபி எண் உள்ள பதிவுகளை 24 முதல் 48 மணி நேரத்தில் அழித்துவிடுவதாகச் சொல்கிறது. கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 வந்தது 2018 ஏப்ரல் 1-ல், அவர்கள் சொல்லும் கணக்கு 25 மணி நேரம். 2017 நவம்பரில் தொடங்கிய குவாட்9 லாப நோக்கில்லாத அமைப்பு, 2021-ல் சுவிட்சர்லாந்துக்கு மாறிவிட்டது, கேட்கிறவரின் ஐபி எண்ணைப் பதிவு செய்வதே இல்லை என்கிறது. எல்லாமே அவரவர் வாக்குறுதிதான். ஆனாலும் எழுதிப் பகிரங்கமாக வைத்த வாக்குறுதி. உன் நெட் கம்பெனி அப்படி எழுதி வைத்திருக்கிறதா என்று தேடிப் பார்.

உன் சர்வீஸ் பையனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று. 2014 மார்ச்சில் துருக்கியில் ட்விட்டரைத் தடுத்தார்கள், முதலில் டிஎன்எஸ் வழியாகத்தான். மக்கள் 8.8.8.8 என்று சுவரில் பெயிண்ட் அடித்தே ஒருவருக்கொருவர் சொன்னார்கள், அதைப் போட்டால் ட்விட்டர் திறந்தது. மாசக் கடைசிக்குள் அங்கிருந்த நெட் கம்பெனிகள் 8.8.8.8-க்குப் போகும் வழியையே தங்கள் சர்வர் பக்கம் திருப்பிவிட்டன. மக்கள் கூகுளிடம் கேட்பதாக நினைத்துக்கொண்டு உள்ளூர் ஆளிடமே கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாதாரண டிஎன்எஸ் கேள்வி திறந்த போஸ்ட்கார்டு மாதிரி. கொண்டுபோகிற எவரும் படிக்கலாம், பதிலைத் தாங்களே எழுதியும் கொடுக்கலாம். வெறும் எண்ணை மாற்றினால் போஸ்ட்கார்டின் விலாசம்தான் மாறும், அது போவது அதே நெட் கம்பெனியின் கம்பி வழியாகத்தான்.

உன் இணைப்பில் இப்படி நடக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. 192.0.2.1 என்பது புத்தகங்களில் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கிய எண், அங்கே எந்த சர்வரும் கிடையாது. கம்ப்யூட்டரில் டிஎன்எஸ்ஸை விசாரிக்கும் என்எஸ்லுக்கப் (nslookup) கட்டளையில் ஏதாவது ஒரு தளத்தின் பெயரைப் போட்டு, பக்கத்திலேயே இந்த எண்ணையும் போட்டு விசாரி. பதில் வரவே கூடாது. வந்தால் நடுவில் யாரோ உன் கேள்விகளைப் பிடித்துப் பதில் சொல்கிறார்கள் என்று அர்த்தம். செய்து பார்த்து எனக்குக் கட்டாயம் சொல்.

அதனால் மாற்றுவதென்றால் மறைகுறியாக்கத்தோடு மாற்று, அதாவது போஸ்ட்கார்டைக் கவரில் போட்டு ஒட்டு. ஆண்ட்ராய்டு 9-லிருந்தே போனில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதில் 'டிஎன்எஸ் டாட் குவாட்9 டாட் நெட்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் போதும், வைஃபையோ மொபைல் டேட்டாவோ எல்லாம் அதன் வழியாகத்தான் கேட்கும். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அமைப்புக்குள் பாதுகாப்பான டிஎன்எஸ் என்று தனியாக இருக்கிறது, விண்டோஸ் 11-ல் நெட்வொர்க் அமைப்பிலேயே இருக்கிறது. அம்மா போனில் நீ முதலில் செய்ய வேண்டியதும் இதுதான். ஆனால் ரயில்வே ஸ்டேஷன், ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் நம்பர் போட்டு ஓடிபி கேட்கும் வைஃபையில் இதனால் உள்ளே நுழையும் பக்கம் வராமல் போகலாம், அப்போது கொஞ்ச நேரம் அணைத்துவிட்டுப் பிறகு போடச் சொல்லிக் கொடு.

கவரில் போட்டாலும் நீ எங்கே போகிறாய் என்பது நெட் கம்பெனிக்கு முழுக்க மறைந்துவிடாது மாப்ள. தளத்தோடு தொடர்பு தொடங்கும்போது அதன் பெயர் இன்னும் பெரும்பாலும் வெளிப்படையாகவே போகிறது. இதைச் சொல்லாமல் 'டிஎன்எஸ் மாற்றினால் யாருக்கும் தெரியாது' என்று வீடியோவில் பேசுகிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. ஒருத்தர் அதை நம்பி ஏதாவது செய்துவிட்டு மாட்டிக்கொண்டால் யார் பொறுப்பு? அதே மாதிரி, தடை செய்த தளங்களைத் திறந்து காட்டுவதற்காக உன் கடையில் இதைச் செய்யாதே. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின்படி வரும் தடைகள் டிஎன்எஸ்ஸில் மட்டும் போடப்படுவதில்லை, வேறு வழிகளிலும் போடுகிறார்கள், அதனால் பாதி திறக்கும் பாதி திறக்காது. கடை உன் பேரில் இருக்கிறது.

உன் கடைக்கு நான் குவாட்9-ஐச் சொல்வதற்குக் காரணம் வேறு. மோசடித் தளம் என்று தெரிந்த பெயர்களுக்கு அது வழி சொல்லாது. "உங்கள் கரண்ட் பில் கட்டவில்லை" என்று எஸ்எம்எஸ்ஸில் வந்த லிங்க்கை எடுத்துக்கொண்டு ஒரு பெரியவர் உன்னிடம் வந்து திறந்து தரச் சொன்னதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? நீ பார்த்துத் தடுத்தாய். நீ சாப்பிடப் போன நேரத்தில் கடைப்பையன் இருந்திருந்தால்? பட்டியலில் ஏறியிருந்தால் அந்தப் பக்கமே திறந்திருக்காது. நேற்று முளைத்த மோசடித் தளம் தப்பித்துவிடும் என்பதும் உண்மைதான், உன் கண் இல்லாமல் ஆகாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து உட்காருகிற அந்தக் கடைசி கம்ப்யூட்டருக்கு மட்டும் கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3 போடு, அது மோசடித் தளங்களோடு ஆபாசத் தளங்களையும் தடுக்கும்.

ரவுட்டரில் முதல் எண் 9.9.9.9, இரண்டாவது 149.112.112.112, இரண்டும் குவாட்9-தான். ரவுட்டரில் எண்ணை மட்டும் போட்டால் அது போஸ்ட்கார்டுதான், கவருக்கு மேலே சொன்னபடி கம்ப்யூட்டரிலும் அமைத்துவிடு. இரண்டாவதாக 8.8.8.8 போடலாமே என்று சர்வீஸ் பையன் சொல்வான். முதல் ஆள் படுத்தால்தான் இரண்டாவது ஆளிடம் கேட்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் பல கருவிகள் இரண்டு பேரிடமும் மாற்றி மாற்றிக் கேட்கும், அப்போது மோசடித் தடுப்பு ஓட்டையாகிவிடும். அதற்காக ஒரே அமைப்பை மட்டும் நம்பினால் அவர்களும் ஒரு நாள் படுக்கலாம். 2025 ஜூலை 14-ல் 1.1.1.1 உலகம் முழுக்க 62 நிமிஷம் கிடைக்காமல் போனது, அவர்களே செய்த ஓர் அமைப்புப் பிழையால். அதனால் இப்போது ரவுட்டரில் இருக்கும் பழைய எண்களை ஒரு தாளில் எழுதிக் கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வை. நெட் கம்பெனி கொடுத்த ரவுட்டரில் மாற்ற விடாமல் பூட்டியிருந்தால் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டியதுதான், நான்கு கம்ப்யூட்டருக்கு அரை மணி நேரம் ஆகும்.

வீட்டில் அவசரப்படாதே. அங்கே தப்பான பெயருக்கு விளம்பரம் வராமல், அந்த 192.0.2.1 சோதனையில் பதில் வராமல், சாயங்காலமும் திணறாமல் இருந்தால் நெட் கம்பெனியினுடையதே ஓடட்டும். ஒழுங்காக வேலை செய்கிற உள்ளூர் சர்வர்களையெல்லாம் விட்டுவிட்டு மொத்த ஊரும் மூன்று நான்கு பெரிய பெயர்களிடமே போய் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. 2024-ல் பிரான்சில் கோர்ட் சில தளங்களை டிஎன்எஸ்ஸிலேயே தடுக்கச் சொன்னபோது சிஸ்கோ கம்பெனி தன் ஓபன்டிஎன்எஸ் சேவையை அந்த நாட்டிலிருந்தே எடுத்துக்கொண்டுவிட்டது, அதை நம்பியிருந்தவர்கள் திடீரென்று வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. நான் என் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அன்பவுண்ட் என்கிற டிஎன்எஸ் மென்பொருளைப் போட்டு, ரூட் சர்வரிலிருந்து நேராகக் கேட்கும்படி வைத்திருக்கிறேன், ஆறு மாதமாக ஓடுகிறது. உனக்கு இப்போது அது வேண்டாம், பொங்கலுக்கு நான் வரும்போது வேண்டுமானால் சேர்ந்து உட்காருவோம்.

ஞாயிற்றுக்கிழமை கடை சாத்திய பிறகு செய், விண்ணப்பக் கூட்டம் இருக்கும் நேரத்தில் கை வைக்காதே. மாற்றியதும் நீ தினமும் திறக்கும் அரசுத் தளங்கள், பேங்க் தளங்கள், பணம் கட்டும் பக்கங்கள் எல்லாவற்றையும் ஒரு தடவை திறந்து பார். ஏதாவது ஒன்று மட்டும் வரவில்லை என்றால் அதன் பெயரை எனக்கு அனுப்பு, இங்கிருந்து நான் மூன்று டிஎன்எஸ்ஸிலும் கேட்டுப் பார்த்துச் சொல்கிறேன். அம்மாவுக்குக் கண் கட்டு பிரித்ததும் ஒரு நாள் வீடியோ காலில் காட்டு, என் முகம் தெளிவாகத் தெரிகிறதா என்று அவர்களையே கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்