சிவப்பு மூக்கு எஞ்சின்

கூடல் நகர், மதுரை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

சிகாகோ ஸ்டேஷனில் நீ எடுத்து அனுப்பிய எஞ்சின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். "இது என்னப்பா, குளிரில் நின்ற மாதிரி மூக்கு மட்டும் சிவந்திருக்கு" என்று கேட்டிருந்தாய். அது ஆம்ட்ராக்கின், அதாவது அமெரிக்காவின் பயணிகள் ரயில் கம்பெனியின், முதல் பெயின்ட். 1971 மே மாதம் இருபது கம்பெனிகளின் பயணிகள் ரயிலை ஒன்றாக எடுத்துக்கொண்டு தொடங்கினார்கள். பெட்டிகளும் பல நிறத்தில் வந்தன. ஒரே ரயிலில் பச்சை, ஆரஞ்சு, வெள்ளி எல்லாம் கலந்து ஓடின. அப்புறம்தான் அந்தச் சிவப்பு மூக்கும், பக்கவாட்டில் சிவப்பு நீல அம்பும் வந்தன. 2000-இல் அம்பை எடுத்துவிட்டு, தண்டவாளம் வளைந்து போகிற மாதிரி ஒரு சின்னம் வைத்தார்கள். இப்போது பிறந்தநாள் கொண்டாட ஒன்றிரண்டு எஞ்சினுக்குப் பழைய சட்டையையே மாட்டிவிடுகிறார்கள்.

நம் ஊரிலும் பெட்டியின் நிறம் மாறியது. ஆனால் அதை யாரும் கொண்டாடவில்லை! தொண்ணூறுகளின் கடைசியில் செங்காவிப் பெட்டியெல்லாம் நீலமாக மாறத் தொடங்கின. சும்மா அழகுக்கு என்று உன் அம்மா இன்றும் நினைக்கிறாள். செங்காவி என்றால் வேக்குவம் பிரேக், நீலம் என்றால் ஏர் பிரேக். இரண்டையும் ஒரே ரயிலில் கோத்தால் பிரேக் பிடிக்காது. பெட்டிகளைக் கோக்கிற ஷன்ட்டிங் ஆள் தூரத்திலேயே நிறத்தைப் பார்த்துப் பிரித்துவிடலாம். திருச்சி பொன்மலை ரயில் பட்டறையில் நாங்கள் பூசியது நிறமில்லை பாப்பா, தகவல். எனக்குப் பிடித்தது என்னவோ செங்காவிதான். பிரேக் கட்டையிலிருந்து பறக்கிற இரும்புத்தூள் அதில் தெரியவே தெரியாது.

இப்போது சாயங்காலம் கேட் பக்கம் போய் நிற்பேன். சிவப்பும் சாம்பலுமாக எல்எச்பி என்கிற ஜெர்மன் வடிவப் புதுப் பெட்டிகள் போகின்றன. அந்தச் சிவப்பு வேறு, பழைய செங்காவி வேறு. திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குப் போகிற வந்தே பாரத் வெள்ளையும் நீலமுமாக 2023 செப்டம்பரில் வந்தது. முதல் நாள் பார்க்க அமர்க்களமாகத்தான் இருந்தது. நம் கரிசல் புழுதிக்கு வெள்ளையா? கழுவுகிறவன் பாவம்.

போலு ஞாபகம் இருக்கா? பச்சை விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கார்டு யானை, நம் ரயில்வேயின் பொம்மைச் சின்னம். 2002-இல், ரயில் ஓடி 150 வருஷம் என்று கொண்டுவந்தார்கள். யானை கார்டாக வந்தால் ரயில் கிளம்புமா என்று கேட்டுச் சிரித்தாய். அது சரி, கரி எஞ்சின் போய் எத்தனையோ காலமாகியும் ரயில்வே முத்திரை வட்டத்துக்குள் அதுதானே இருந்தது.

எஞ்சினை எல்லாரும் படம் எடுக்கிறார்கள். நான் அதிகம் எழுதியது பெட்டியின் முதுகில். மறுபடி எப்போது பட்டறைக்கு வரவேண்டும் என்ற தேதி, அப்புறம் அந்த மஞ்சள் பெருக்கல் குறி. கடைசிப் பெட்டியில் அதைப் பார்த்தால்தான் ரயில் முழுசாகப் போய்விட்டது, நடுவில் எதுவும் கழன்றுவிடவில்லை என்று ஸ்டேஷனில் இருப்பவருக்குத் தெரியும். அடுத்த தடவை ஸ்டேஷனுக்குப் போனால் கடைசிப் பெட்டி வரை நடந்து போ. அதன் முதுகில் அவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு படம் எடுத்து அனுப்பு. கையுறை போட்டுக்கொண்டு போ.

அப்பா